வாசலில் நிழலுக்கு வேம்பா? மருந்துக்கு நிலவேம்பா?



லயத்து வீடானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடானாலும் சரி, வாசலுக்கு முன்னால் பத்தடி மண் கிடைத்தால் நம்மவர் கை சும்மா இருக்காது. ஒரு மூலையில் கறிவேப்பிலை, வேலியோரம் முருங்கை, நடுவில் துளசி என்று வைத்துவிடுவோம். மீதி இருக்கிற இடத்துக்குத்தான் வீட்டுக்குள் வழக்கு நடக்கும்.

“வேப்பங்கன்னு ஒண்ணு வைங்க. மத்தியானம் வந்து உக்கார நிழலாச்சு” என்பார் வீட்டுக்காரர். “அது மரமாகி எப்ப நிழல் தர்றது? நாலு நிலவேம்பு வச்சா காய்ச்சலுக்காவது ஆகும்” என்பார் வீட்டுக்காரம்மா. பெரியவர்களோ, “ரெண்டும் வேம்புதானே, ரெண்டும் கசப்புதானே” என்று சொல்லி வழக்கை முடித்துவிடுவார்கள்.

வழக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. பெயரும் கசப்பும் ஒன்றுபோல் இருந்தாலும் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகொடிகள். ஒன்றின் நன்மை மற்றதற்கு இல்லை. ஒன்றில் இருக்கும் ஆபத்தும் மற்றதில் இருக்கும் ஆபத்தும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாயில் ஊற்றுவதால் சில வீடுகளில் குழந்தைகளே பலியாகியிருக்கின்றன. ஆகவே இந்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

ஆள் அடையாளம்

வேம்பு மரம். மலாய்க்காரர் இதை ‘செமாம்பு’ என்பர். ஐம்பது அடிக்கும் மேலே வளரக்கூடியது. நூறாண்டுக்கு மேலும் நிற்கும். ஒரு காம்பின் இரு பக்கமும் வரிசையாக இலைகள் இருக்கும். ஒவ்வோர் இலையின் ஓரமும் அரிவாள் பல்போல வெட்டுப்பட்டு, இலை சற்றே வளைந்திருக்கும்.

இதற்கு உறவுக்காரர்கள் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். நம் நாட்டுக் காட்டு மரமான ‘செந்தாங்’ வேம்பின் நெருங்கிய சொந்தம். பலகைக்காக இதைப் பல இடங்களில் நட்டிருக்கிறார்கள். அதன் இலை பெரிது, ஓரத்தில் பல் இருக்காது. இன்னொன்று மலைவேம்பு. அதில் காம்பு மீண்டும் கிளை பிரிந்து இலை விடும். மலைவேம்பு வகையைச் சேர்ந்த சில மரங்களின் பழம் நஞ்சு. பிள்ளைகள் பொறுக்கித் தின்றால் ஆபத்து. கன்று வாங்கும்போது இலையைப் பார்த்து வாங்குங்கள்.

நிலவேம்பு செடி. இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. தண்டைத் தடவிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். பூ சிறியது, வெள்ளை, அதில் ஊதாக் கோடு. ஊரில் சிறியாநங்கை என்றும் சொல்வதுண்டு. மலாய்க்காரர் ‘ஹெம்பெடு பூமி’ என்பார்கள், அதாவது மண்ணின் பித்தம். ஓர் இலையை மென்று பாருங்கள், அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று நாக்கு சொல்லும்! சில மாதத்தில் பூத்து, காய்த்து, ஓராண்டுக்குள் பட்டுப்போகும். விதையிலிருந்து மறுபடி போட வேண்டும்.

நிழல் என்றால் வேம்புதான்

வெயிலுக்கு நிழல் கேட்டால் மூன்றடிச் செடி என்ன செய்யும்? இந்தப் போட்டியில் வேம்புக்கு எதிராளி இல்லை.

அராபத்து திடலை அறிந்திருப்பீர்கள். ஹஜ்ஜு யாத்திரை போகும் நம் மலாய் அண்டை வீட்டார் சொல்லியிருப்பார்கள். தகிக்கும் அந்தப் பாலைவெளியில் யாத்திரிகர்களுக்கு நிழல் வேண்டும் என்று சவூதி அரேபியாவில் ஆயிரக்கணக்கில் நட்டது வேப்ப மரத்தைத்தான். ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளிலும் ஊர்ச் சந்தையில், பள்ளிக்கூட வாசலில் நிழல் தருவது பெரும்பாலும் வேம்பே.

நமக்கும் அந்த நிழல் தேவை. விடியற்காலை பிரட்டுக்குப் போய், பால் வெட்டியோ செம்பனைக் குலை சுமந்தோ மத்தியானம் திரும்பும் உடம்பில் சூடு ஏறியிருக்கும். தகரக் கூரை வீட்டுக்குள் அப்போது வெளியைவிட வெக்கை அதிகம். தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு எல்லாம் சூட்டின் எச்சரிக்கை. நிழலில் உட்கார்ந்து, துணியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தால் உடம்பு தணியும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது ஆஸ்பத்திரிக் கேஸ். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே உடனே கொண்டுபோக வேண்டும்.

ஆனால் ஜொகூர் மண்ணுக்கு ஒரு வார்த்தை. வேம்பு வறண்ட பூமியின் பிள்ளை. மழை தாங்கும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் பட்ட பாடு மறந்துபோகாது. 2023 மார்ச்சில் யொங் பெங், பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் வெள்ளம் வடியவில்லை. அப்படிப்பட்ட தாழ்வான இடத்திலும், கரிமண் சதுப்பிலும் வேம்பு பிழைப்பது கஷ்டம். மேட்டுப்பாங்கான இடம் இருந்தால் வையுங்கள். அங்கேயும் ஊரில் போலப் பூவும் பழமும் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல வறட்சிக் காலம் கண்டால்தான் வேம்பு நன்றாகப் பூக்கும்.

சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி நடவேண்டும். விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்றில் கிளை முறிந்து கூரைமேல் விழுந்தால் நிழல் கேட்டவர் கதி என்ன? மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். கூரைத் தூம்பில் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும். வாரம் ஒருமுறை தூம்பைத் துப்புரவு செய்யுங்கள்.

நிலவேம்பு எதற்கு ஆகும்?

இனி செடியின் முறை. தமிழ்நாட்டில் சித்த வைத்தியத்தில் நிலவேம்புக் குடிநீர் பெயர் பெற்றது. அது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக் கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் சேர்ந்து மொத்தம் ஒன்பது சரக்கு. 2012-இல் அங்கே டெங்கு பரவியபோது அரசாங்கமே இதை மக்களுக்குக் கொடுத்தது. 2017-இலும் ஊர் ஊராக வழங்கினார்கள். தாய்லாந்தில் 2020 டிசம்பரில், கோவிட் நோய் லேசாகக் கண்டவர்களுக்கு இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப சர்க்காரே ஒத்துக்கிட்டாச்சு, இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு?” என்று சொல்லாதீர்கள். ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இவ்வளவுதான்: சளி, தொண்டை வலி, இருமல் போன்ற சாதாரண உபாதைக்கு நிலவேம்பு ஓரளவு சுகம் தரலாம். அந்த ஆராய்ச்சிகளிலும் பல சரியாகச் செய்யப்பட்டவை அல்ல. டெங்குவைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வந்த டெங்கு பெரும்பாலோருக்குத் தானாகவே இறங்கும். இறங்கிய பெருமை அன்றைக்குக் குடித்த கஷாயத்துக்குப் போய்விடுகிறது.

சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வரை போனவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2015-இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. முன்பு எப்போதாவது குடித்துத் தடித்திருந்தால் மறுபடி தொடாதீர்கள்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், சிறு குழந்தைகளும் குடிக்க வேண்டாம். இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். “நான் இதைக் குடிக்கிறேன்” என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். மறைப்பதில்தான் ஆபத்து.

காய்ச்சல் என்றால் முதல் வேலை என்ன?

தோட்டத்து ஆளுக்கு வரும் காய்ச்சல் பட்டணத்து ஆளுக்கு வருவதுபோல் அல்ல. நமக்கு மூன்று எதிரிகள் கூடவே இருக்கிறார்கள்.

ஒன்று டெங்கு. இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கும். “ஆச்சு, கஷாயம் வேலை செஞ்சிருச்சு” என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். உண்மையான அபாயம் அந்த நேரத்தில்தான் தொடங்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவு கடந்த சோர்வு, சிறுநீர் குறைதல் — இதில் ஒன்று கண்டாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் கால் வைக்கும்போது, வெட்டுக்காயம் வழியே கிருமி ஏறும். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. வெள்ளம் வடிந்த பிறகு இது கூடும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அடையாளம். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை கண்டு சிறுநீரகம் கெடும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும்.

மூன்றாவது குரங்கு மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூர்த் தொற்றாக இல்லை என்ற நிலை வந்தது. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியே வரும் மலேரியா காட்டோரத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஜொகூரும் விலக்கல்ல. அந்தக் கிருமி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இரண்டு நாள் தாமதம் உயிரையே கேட்கும்.

இந்த மூன்றையும் நாக்கில் கசப்பு ஏற்றிக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனைதான் கண்டுபிடிக்கும். காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்குப் போய், “நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், காட்டோரம் போய் வந்தேன், சேற்றில் இறங்கினேன்” என்று நீங்களே சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வார்த்தை பாதி வழியைக் காட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. டாக்டர் சீட்டோடு எடுக்கும் மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்பது வேலைச் சட்டம். மண்டோரோ கிராணியோ தகராறு செய்தால் சங்கத்தில் சொல்லுங்கள்.

தாய்மார்களே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

வேப்ப மரம் நல்லது. வேப்பெண்ணெய் குழந்தைக்கு நஞ்சு.

“எங்க பாட்டி காலத்திலேர்ந்து கொடுத்துக்கிட்டுதானே வர்றோம்” என்பீர்கள். சளிக்கு ஒரு சங்கு, வயிற்றுப் பூச்சிக்கு ஒரு கரண்டி என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் நம்மவரிடம் இருந்தது உண்மைதான். அதன் விளைவை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களே நம் மலேசிய மருத்துவர்கள்தான். டாக்டர் சின்னையாவும் டாக்டர் பாஸ்கரனும் 1981-இல் லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் இதை எழுதினார்கள். வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தன. மயக்கம் வந்தது. மூச்சு வேகமாக இரைத்தது. அடுத்தடுத்து வலிப்பு கண்டது. ஈரலில் கொழுப்பு படிந்து மூளையும் பாதிக்கப்படும் ‘ரை’ நோயைப் போலவே அது இருந்தது. இப்படி இறந்த குழந்தையின் பிரேதப் பரிசோதனையைப் பற்றியும் 1982-இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. பிள்ளை நல்லா இருக்கணும் என்றுதான் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாருக்கு எச்சரித்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்குச் சொல்லியாயிற்று. துளி அளவும் வேண்டாம். நாக்கில் தடவுவதும் வேண்டாம். கருவுற்ற பெண்களும், கருவுற நினைக்கும் பெண்களும்கூட வேப்பெண்ணெய் குடிக்கக்கூடாது. கருவைத் தங்கவிடாமல் செய்யும் குணம் அதற்கு உண்டு.

தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழைத்தோ கிடைத்த காடியிலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். “என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும், பிள்ளை பிழைக்கட்டும்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும், விரிப்பதும், தேறியபின் வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பதும் நம் வழக்கம். அதில் தடை ஒன்றும் இல்லை. மேல் பூச்சோடு நிற்கட்டும், வாய்க்குள் போக வேண்டாம். சின்னம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரினும் கூடாது. அதுவும் மேலே சொன்ன ‘ரை’ நோயைக் கொண்டுவரும். வேப்பிலை கட்டியாச்சு என்று கைக்குழந்தையின் தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதீர்கள். தட்டம்மைக்கு ஊசிதான் காப்பு.

பெரியவர்கள் புத்தாண்டுப் பச்சடியில் நாலு வேப்பம்பூ சேர்ப்பதோ, வேப்பங்குச்சியால் பல் துலக்குவதோ இந்தக் கணக்கில் வராது. சாப்பாட்டு அளவு வேறு, மருந்தென்று குடிக்கும் அளவு வேறு.

எங்கே பறிக்கிறீர்கள்?

மருந்துச் செடி வீட்டில் இருப்பதற்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் கீழாநெல்லியையும் நிலவேம்பையும் செம்பனை வரிசைக்கு நடுவிலோ சாலையோரத்திலோ பறித்து வருகிறோம். அந்த இடம் முழுவதும் களைக்கொல்லி அடித்த இடம்.

பாராகுவாட் மருந்தின் பெயர் நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. முதுகில் டின் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றதும், மூக்கில் இரத்தம் வந்ததும், கண் எரிந்ததும் அவர்களுக்குத்தான் தெரியும். 2002-இல் அதைத் தடைசெய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. பலரும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. பாராகுவாட் போனது, மற்ற களைக்கொல்லிகள் போகவில்லை. அடித்து இரண்டு நாள் ஆன செடி பச்சையாகவே நிற்கும். அதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் நோயா தீரும்?

ஆகவே வேலைக்காட்டில் பறித்த எதையும் வாயில் போடாதீர்கள். காலியான விஷ டின்னைக் கழுவிப் பூந்தொட்டியாக்குவதும், அதில் தண்ணீர் பிடிப்பதும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு போகாது.

தீர்ப்பு

இப்போது வீட்டு வழக்குக்கு வருவோம்.

மேட்டு நிலம், வீட்டிலிருந்து இருபதடி இடைவெளி, பல ஆண்டு அங்கேயே இருப்போம் என்ற உறுதி — இந்த மூன்றும் இருந்தால் வேம்பு வையுங்கள். நிழலுக்காக வையுங்கள். முழங்கை ஆழக் குழி, பழைய சாணமோ மக்கிய இலையோ, முதல் ஆண்டு ஒரு முட்டுக்கொம்பு, இவ்வளவே போதும். நல்ல மண்ணில் மூன்றாண்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். தோட்ட நிலமானால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு நடுங்கள்.

பழம் கிடைத்தால் கொட்டையையும் வீணாக்க வேண்டாம். உலர்ந்த பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து கத்தரிக்கும் வெண்டைக்கும் தெளியுங்கள். பூச்சி இலையைத் தின்னாமல் ஒதுங்கும். வடித்த தண்ணீரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம் பாட்டன்மார் அறிந்த இந்தக் குணத்தின் ஒரு பகுதிக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் ஐரோப்பாவில் 1994-இல் காப்புரிமை வாங்கின. வழக்குப் போட்டு 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. ஏழைகள் அறிவுக்கும் விலை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இடம் குறைவு, தாழ்வான நிலம், அல்லது தோட்டம் எப்போது கைமாறும், எப்போது வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாத நிலை என்றால் நிலவேம்பைத் தொட்டியில் வையுங்கள். ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகிப்போனதைக் கண்டவர்கள் நாம். லோரியில் சாமான் ஏற்றும்போது மரத்தை ஏற்ற முடியாது, தொட்டியை ஏற்றலாம். விதையைத் தூவி மெல்லிய மண் மூடி, முளைத்ததும் பிரித்து நடுங்கள். அரை வெயில் போதும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், கொசு முட்டையிடும். மூன்று நான்கு மாதத்தில் பூ எடுக்கும் சமயம் அறுத்து நிழலில் உலர்த்துங்கள். சளி, தொண்டை வலிக்கு, உடம்பு ஒத்துக்கொண்ட பெரியவர்கள் மட்டும், இரண்டு மூன்று நாள் மட்டும் குடிக்கலாம். காய்ச்சல் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை.

இரண்டுக்கும் இடம் இருக்கிறதா? மரமும் வையுங்கள், அதன் நிழலோரத்தில் செடியும் வையுங்கள். வீட்டில் சண்டையும் தீரும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் எழுத்துப் படிக்காத பாட்டிமார் இருப்பார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான். வேலை விட்டு வந்த பிறகு வேப்பெண்ணெயைப் பற்றிய பகுதியை மட்டுமாவது அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.